இத்தாலியிலிருந்து அமெரிக்கா போன பாட்டி: இரங்கல் குறிப்பில் வராதவை

கேள்வி இதுதான். அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒருவர், தன் அலுவலகத்தில் இருக்கும் இத்தாலிய வம்சாவளித் தோழி ஒருவரின் வீட்டுக்குப் போயிருக்கிறார். கூடத்தில் தோழியின் கொள்ளுப்பாட்டி இறந்தபோது செய்தித்தாளில் வந்த இரங்கல் குறிப்பைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்களாம். நாலே வரி. ‘குடும்பத்துக்காகவும் விசுவாசத்துக்காகவும் வாழ்ந்தவர்’ என்று முடிகிறது. 1910 வாக்கில் இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவிலிருந்து போனவர். வேலைக்குப் போனதாகக் குறிப்பில் எதுவும் இல்லை. “சமையல், பிள்ளைகள், கோவில், அவ்வளவுதானா? இதற்கா கடல் கடந்து போனார்கள்?” என்று கேட்கிறார்.

அந்த வரி பொய் இல்லை. ஆனால் குடும்பம், விசுவாசம் என்ற இரண்டு சொற்களையும் நாம் இன்று புரிந்துகொள்கிற மாதிரி அந்தப் பெண்கள் புரிந்துகொள்ளவில்லை. இரண்டுமே அவர்களுக்குப் பொறுப்பும் அதிகாரமும் சேர்ந்த விஷயங்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு காகிதம். 1910, 1920 ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இத்தாலியர் குடியிருந்த தெருக்களின் பக்கங்களைப் புரட்டினால் ஒரே மாதிரியான காட்சி திரும்பத் திரும்ப வரும். கணவன் பெயர், எதிரே ‘கூலி’. மனைவி பெயர், எதிரே தொழில் ‘இல்லை’. பிள்ளைகள். அவர்களுக்குக் கீழே, அதே வீட்டுக் கணக்கில், வேறு வேறு குடும்பப் பெயர்களோடு மூன்று ஆண்கள், நான்கு ஆண்கள், எதிரே ‘போர்டர்’. அதாவது காசு கொடுத்துத் தங்கிச் சாப்பிடுகிறவர்கள். இத்தனை பேருக்கும் விடியற்காலையில் எழுந்து சாப்பாடு கட்டிக் கொடுத்தது யார், சுரங்கத்திலோ ரயில் பாதையிலோ அழுக்கான துணிகளைத் துவைத்தது யார், வாரக் கடைசியில் காசு எண்ணி வாங்கியது யார்? தொழில் ‘இல்லை’ என்று எழுதப்பட்ட அதே பெண்தான். எழுதிய அதிகாரி அடுத்த நாலு வரியை எழுதும்போதாவது யோசித்திருக்கலாம்!

சரி, இவர்கள் எப்படி வந்தார்கள்? 1880க்கும் 1920க்கும் இடையில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவில் இறங்கினார்கள். பெரும்பாலோர் தென் இத்தாலியிலிருந்தும் சிசிலியிலிருந்தும் வந்தவர்கள்; நிலம் பண்ணையாரிடம், வரி அரசாங்கத்திடம், மலேரியா எல்லோரிடமும் என்று இருந்த ஊர்கள். முதலில் வந்தது ஆண்கள்தான். அதிலும் நிறையப் பேர் சம்பாதித்துத் திரும்பிப் போகும் எண்ணத்தில் வந்தவர்கள், திரும்பியும் போனார்கள். அந்த வருடங்களில் ஊரில் தனியாக இருந்த மனைவிகளுக்கு ‘வெள்ளைக் கைம்பெண்கள்’ என்றே பெயர். கணவன் உயிரோடிருந்தும் கைம்பெண். அவன் அனுப்பிய பணத்தில் கடன் அடைத்து, நிலம் வாங்கி, மாமியாரைச் சமாளித்து, எப்போது கப்பல் ஏறுவது என்பதையும் முடிவுசெய்த பெண்கள் உண்டு. எனவே நியூயார்க்கில் வந்து இறங்கியவர்கள் வெளியுலகமே தெரியாத அப்பாவிகள் என்று நினைத்துவிட வேண்டாம்.

கப்பலில் வந்தவர்களைச் சோதித்து உள்ளே விடும் எல்லிஸ் தீவு நிலையம் நியூயார்க் துறைமுகத்தில் 1892 ஜனவரி 1 அன்று திறந்தது. அங்கே மருத்துவர்கள் கண்ணிமையைக் கொக்கியால் புரட்டி டிரக்கோமா என்ற தொற்றும் கண்நோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சந்தேகம் வந்தால் சட்டையில் சாக்பீஸால் ஓர் எழுத்து. தனியாக வந்த பெண்ணை அழைத்துப்போக உறவுக்காரர் வரும்வரை வெளியே விடமாட்டார்கள். 1917இல் எழுத்தறிவுச் சோதனை வந்தபோது, உள்ளே வரத் தகுதிபெற்றவரின் மனைவிக்கும் தாய்க்கும் பாட்டிக்கும் விலக்கு அளித்தார்கள். இவர்கள் படிக்கத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று சட்டமே நினைத்தது போலத்தான் எனக்குப் படுகிறது. 1924இல் கதவு கிட்டத்தட்ட மூடியது: இத்தாலிக்கான ஆண்டு ஒதுக்கீடு வெறும் 3,845.

வந்து சேர்ந்த இடம் நியூயார்க் என்றால் டெனமென்ட் வீடுகள், அதாவது ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த வாடகை அடுக்குமாடிகள். பெரும்பாலும் மூன்று சின்ன அறைகள், அதில் நடு அறைக்கு வெளிச்சம் கிடையாது. அந்தச் சமையலறை மேசைதான் பட்டறை. காகிதப்பூ, துணிப்பூ செய்யும் வேலை இத்தாலியத் தெருக்களில் வீட்டுக்கு வீடு நடந்தது. சீமாட்டிகளின் தொப்பிக்கு வயலட் பூ. இதழைப் பிரிப்பது நாலு வயதுக் குழந்தை, காம்பில் பசை தொடுவது அக்கா, கட்டுவது அம்மா. ஒரு குரோஸ், அதாவது 144 பூ கட்டினால் சில சென்ட். லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் 1908 தொடங்கிச் சில ஆண்டுகள் இந்த மேசைகளைப் படம்பிடித்தார், குழந்தை உழைப்பைத் தடுக்கும் பிரச்சாரத்துக்காக. அந்தப் படங்களில் அம்மாக்களின் முகத்தைப் பாருங்கள். யாரும் கேமராவுக்காகச் சிரிக்கவில்லை; கை நிற்கவில்லை.

தையல் தொழிற்சாலைக்குப் போனவர்களும் ஏராளம். 1911 மார்ச் 25, சனிக்கிழமை, நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். 123 பேர் பெண்கள்; பெரும்பாலோர் யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களும். கத்தரீனா மால்தேசே என்ற தாயும் அவருடைய இரண்டு மகள்களும் அதில் ஒரே நாளில் போனார்கள். சின்னவளுக்கு 14 வயது. ஒரு வீட்டிலிருந்து மூன்று பேர் ஒரே தளத்தில் வேலைக்குப் போனார்கள் என்பதிலேயே குடும்பம் என்ற சொல்லின் அர்த்தம் தெரிகிறது. அம்மா போகிற இடத்துக்குத்தான் மகளை அனுப்புவார்கள். அம்மாவின் கண் முன்னால் இருந்தால்தான் பாதுகாப்பு என்று.

வீட்டில் பணம் யார் கையில் என்பதைச் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும் பிள்ளைகள் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுக்க வேண்டும் என்பது இத்தாலியக் குடும்பங்களில் எழுதாத சட்டம். அம்மா பிரித்து, எண்ணி, கைச்செலவுக்குக் கொஞ்சம் திருப்பித் தருவாள். வெளியில் அப்பாதான் தலைவர், மேசையில் முதல் தட்டும் அவருக்குத்தான். வாடகை, மளிகைக் கடன், ஊருக்கு அனுப்பும் பணம், மகள் கல்யாணத்துக்கான துணிமணி எல்லாம் அம்மாவின் கணக்கு. இந்த ஏற்பாட்டை நான் ரொம்பப் புகழவும் மாட்டேன். மூத்த மகள்களின் படிப்பு நின்றது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். அந்த மகள்கள் வயதான பின் கொடுத்த பேட்டிகளில் அம்மாமேல் பாசமும் ஆத்திரமும் ஒன்றாகவே வரும்.

ஓர் ஆளைக் கிட்டத்தில் பார்க்க ஆசையென்றால் நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடத்துக்குப் போகலாம். இப்போது அருங்காட்சியகம். சிசிலியின் பலேர்மோ நகரத்திலிருந்து வந்த ரொசாரியா பால்டிட்சி என்ற பெண், தச்சரான கணவர், இரண்டு பிள்ளைகளோடு 1928 முதல் 1935 வரை அங்கே குடியிருந்தார். பொருளாதாரப் பெருமந்தக் காலம்; கணவருக்கு நிலையான வேலை இல்லை. அவர்களுடைய மகள் ஜோசஃபீன் பிற்காலத்தில் சொன்ன நினைவுகளை வைத்து அந்த வீட்டை அப்படியே அமைத்திருக்கிறார்கள். சுத்தத்தில் அம்மாவுக்கு வெறி. வானொலியில் இத்தாலிய நாடகத் தொடர் ஓடும்போது அம்மா உட்கார்ந்து அழுவாராம். தொடருக்காக அல்ல, ஊரில் விட்டு வந்தவர்களை நினைத்து. போக வழியில்லை. அப்புறம் ரொசாரியாவும் தையல் வேலைக்குப் போனார். இரங்கல் குறிப்பில் இதெல்லாம் எந்த வரியில் வரும்?

இப்போது விசுவாசம். இதுதான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிற பகுதி. இத்தாலியர் எல்லோரும் கத்தோலிக்கர், அமெரிக்காவில் கத்தோலிக்கக் கோவில்கள் இருந்தன, எனவே போனவுடன் வீடு போல இருந்திருக்கும் என்று நினைப்போம். நடந்தது வேறு. அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபை அப்போது பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள் கையில் இருந்தது. அவர்களுக்கு ஒழுங்காக ஞாயிறு பூசை, ஒழுங்காகக் காணிக்கை, அமைதி. இத்தாலியர்களுக்கோ ஊர்ப் புனிதர், தேர்பவனி, மேளம், வாணவேடிக்கை. ஆண்கள் கோவில் வாசலோடு நின்று புகை பிடித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே போவது பெண்களும் குழந்தைகளும். சாமியார்மேல் அவர்களுக்குப் பெரிய நம்பிக்கையும் கிடையாது, ஏனென்றால் ஊரில் சாமியார் பண்ணையார் பக்கம். இந்த ‘அரைகுறை’ கத்தோலிக்கர்களை என்ன செய்வது என்று தெரியாமல் பல கோவில்களில் கீழ்த்தளத்தில் பூசை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் 115ஆவது தெருவில் உள்ள கார்மேல் மாதா கோவில் கதை இது. பொல்லா என்ற இத்தாலிய ஊரிலிருந்து வந்தவர்கள் 1880களின் தொடக்கத்தில் தங்கள் மாதா திருவிழாவை அந்தத் தெருவில் ஆரம்பித்தார்கள். 1884இல் கோவில் எழுந்தது. கட்டும்போது உழைத்தவர்களில் இத்தாலியர்களும் உண்டு. ஆனால் கட்டி முடித்ததும் அவர்களுக்கு இடம் கீழ்த்தளத்தில். மாதா சிலையும் அங்கேயே. அது மேலே பெரிய பீடத்துக்கு வர 1920கள் ஆயின.

ஜூலை 16 திருவிழா அன்று மட்டும் யாரும் அவர்களைக் கீழே அடைக்க முடியாது. மாதா தெருவுக்கு வருவாள். ஜூலை வெயிலில் தார் சுடும். பெண்கள் வெறுங்காலில் நடப்பார்கள். குழந்தைக்குச் சுகம் கிடைத்தால் அதன் எடைக்கு மெழுகுதிரி என்று நேர்ந்துகொண்டவர்கள் அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருவார்கள். மெழுகில் செய்த கை, கால், தலை, இதயம் விற்கும் கடைகள் தெரு நெடுகிலும். எந்த உறுப்பு குணமானதோ அதை மாதாவுக்குக் கொடுக்க. வேளாங்கண்ணியில் வெள்ளியில் கை கால் வாங்கிப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலிட்டு நாக்கால் தரையைத் தொட்டபடி போன பெண்களும் இருந்தார்கள். கோவில் நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை.

கவனித்தால், இந்த நேர்ச்சை எல்லாமே குடும்பக் கணக்குதான். கணவனுக்கு வேலை கிடைக்க, மகன் சிறையிலிருந்து வர, மகளுக்கு நல்ல இடம் அமைய. மாதாவிடம் கேட்பது அம்மா. கடனை அடைப்பதும் அம்மா. நடுவில் சாமியார் தேவைப்படவில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் புனிதரின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கும் வழக்கம்கூட உண்டு. என் கணிப்பில் இது பக்தியைவிட உறவு என்ற சொல்லுக்குத்தான் நெருக்கம். சண்டை போட உரிமை உள்ள உறவு.

வீட்டுக்குள்ளேயே பாதி விசுவாசம் நடந்தது. கண்ணேறுக்கு ‘மலோக்கியோ’ என்று பெயர். பிள்ளைக்குத் தலைவலி, சோர்வு என்றால் தட்டில் தண்ணீர் ஊற்றி, ஆலிவ் எண்ணெய் சொட்டு விட்டு, அது எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பார்கள். அதற்கான ஜெபத்தைத் தாய் மகளுக்குக் கிறிஸ்துமஸ் முந்தின இரவில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். மார்ச் 19 சூசையப்பர் திருநாளில் சிசிலிப் பெண்கள் வீட்டிலேயே அடுக்கடுக்காகப் பீடம் கட்டி ரொட்டியும் பலகாரமும் நிரப்பி, ஏழைகளையும் அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். தவக்காலம் என்பதால் இறைச்சி கிடையாது. பாஸ்தாமேல் தூவும் ரொட்டித்தூள், தச்சரான சூசையப்பரின் பட்டறை மரத்தூளாம். நியூ ஆர்லியன்ஸில் இது இன்றும் பெரிதாக நடக்கிறது. பிறகு ஞானத்தாய் உறவு, ‘கொமாரே’. பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் நின்றவள் ரத்த உறவுக்குச் சமம்: பிரசவத்துக்கு வருவாள், வேலை போனால் மளிகை கொண்டுவருவாள். அரசாங்க உதவி எதுவும் இல்லாத காலத்தில் காப்பீடு அவள்தான்.

கன்னியர் பக்கத்தில் பிரான்செஸ்கா கப்ரினியைச் சொல்லாமல் விட முடியாது. அவரும் இத்தாலியிலிருந்து குடியேறிய பெண்தான். சீனா போக ஆசைப்பட்டவரை, கிழக்கே போகாதே, மேற்கே போ என்று பாப்பரசர் 13ஆம் லியோ அனுப்பினார். 1889இல் ஆறு கன்னியரோடு நியூயார்க் வந்தார். வந்த பிறகு அங்கிருந்த பேராயர் இத்தாலிக்கே திரும்பிப் போய்விடுங்கள் என்றார். கப்ரினி போகவில்லை. பள்ளி, அனாதை இல்லம், மருத்துவமனை என்று 67 நிறுவனங்களைக் கட்டினார். 1917இல் சிகாகோவில் இறந்தார். 1946இல் புனிதர் பட்டம், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களில் முதல் ஆளாக. மாதா படத்துக்கு அடுத்தபடி நிறைய இத்தாலிய வீடுகளில் இவர் படம் இருந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ரோசா கசெட்டாரியைச் சொல்லாவிட்டால் படம் ரொம்ப இனிப்பாகிவிடும். இவர் வட இத்தாலிப் பெண். மிலானில் அனாதைக் குழந்தையாக விடப்பட்டு, குஜ்ஜோனோ என்ற கிராமத்தில் வளர்ப்புத் தாயிடம் வளர்ந்தார். சின்ன வயதிலேயே பட்டு ஆலையில் வேலை. பதின்வயதில், விருப்பமில்லாமல், தன்னைவிட மூத்த ஓர் ஆளுக்குக் கட்டி வைத்தார்கள். அடிக்கிற கணவன். அவன் மிசௌரியில் இரும்புச் சுரங்கத்துக்குப் போய் அங்கிருந்து கூப்பிட, 1884இல் தன் முதல் குழந்தையை வளர்ப்புத் தாயிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். சுரங்க முகாமில் கூட்டமாக இருந்த ஆண்களுக்குச் சமைத்துப் போட்டார். கணவன் விலைமாதர் விடுதி நடத்தக் கிளம்பியபோது, அந்தப் பாவத்துக்கு உடன்பட முடியாது என்று பிள்ளைகளோடு சிகாகோவுக்குத் தப்பினார். பிறகு மணமுறிவு, மறுமணம். ‘குடும்பத்துக்காகவும் விசுவாசத்துக்காகவும்’ என்ற அதே வரி இவருக்கும் பொருந்தும். கணவனைவிட்டு ஓடியதே அந்த இரண்டுக்காகவும்தான்.

சிகாகோ காமன்ஸ் என்ற சமூக மையத்தில் பல ஆண்டுகள் துப்புரவும் சமையலும் அவர் வேலை. ஆனால் எல்லோரும் தேடி வந்தது அவர் சொல்லும் கதைக்கு. கிராமத்தில் குளிர்கால இரவுகளில் மாட்டுத் தொழுவத்தில் கூடியிருந்து கேட்ட கதைகள். அங்கே வேலை பார்த்த மேரி ஹால் எட்ஸ் என்பவர் ரோசாவின் வாழ்க்கையையும் கேட்டு எழுதிவைத்தார். அது 1970இல்தான் புத்தகமானது; ரோசா இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு. ஒவ்வொரு ஆபத்திலும் மாதாவைக் கூப்பிடுகிற அந்தப் பெண், கடைசியில் அமெரிக்காவில் தான் கற்றது பயப்படாமல் இருப்பதை என்கிறார். ஒருமுறை ஊருக்குப் போய், அன்று தன்னை நடுங்கவைத்தவர்கள் முன்னால் நின்று வாயைத் திறந்து பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

கடைசியாக 1942. அமெரிக்கா இத்தாலியோடு போரில் இறங்கியதும் குடியுரிமை வாங்காத சுமார் 6 லட்சம் இத்தாலியர்கள் ‘எதிரி நாட்டவர்’ ஆனார்கள். இதில் நிறைய அம்மாக்கள் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1922 வரை கணவன் குடியுரிமை பெற்றால் மனைவிக்கும் தானாகக் கிடைத்தது. 1922 சட்டத்துக்குப் பிறகு அவளே தனியாக விண்ணப்பித்து, ஆங்கிலத்தில் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலும் கோவிலிலும் கடையிலும் இத்தாலிய மொழியிலேயே காலம் தள்ளியவர்களுக்கு அது மலை. மகன் ராணுவ உடையில், அம்மா தபால் நிலையத்தில் விரல்ரேகை கொடுத்து இளஞ்சிவப்பு அட்டை போட்ட அடையாளப் புத்தகம் வாங்கிக்கொண்டு நின்றாள். பேஸ்பால் நட்சத்திரம் ஜோ டிமாஜியோவின் அம்மா ரொசாலியாவும் இந்தப் பட்டியலில்தான். ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவர். மகன் முந்தின வருடம்தான் தொடர்ந்து 56 ஆட்டங்களில் பந்தை அடித்து நாட்டையே ஆட்டிவைத்திருந்தான். மீனவரான அப்பா, சான் பிரான்சிஸ்கோ மீன்பிடித் துறைக்கே போகக்கூடாது என்றார்கள். அந்த அக்டோபரில் கொலம்பஸ் தினத்தன்று தடையை நீக்கினார்கள். ரொசாலியா 1944இல் குடியுரிமை வாங்கினார்.

தோழியின் கொள்ளுப்பாட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆர்வம் இருந்தால், அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் என்ன என்று முதலில் கேளுங்கள். இத்தாலியப் பெண்கள் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள். கப்பல் பயணிகள் பட்டியலிலும் பெரும்பாலும் அப்படித்தான். கணவர் பெயரில் தேடி, கிடைக்கவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அடுத்து 1920, 1930 கணக்கெடுப்புப் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே எத்தனை போர்டர் என்று எண்ணுங்கள். குடியுரிமை வாங்காதவராக இருந்தால் 1940இல் வெளிநாட்டவர் எல்லோரையும் பதிவுசெய்தபோது அவரும் படிவம் நிரப்பியிருக்க வேண்டும். அதில் கையெழுத்தோ ரேகையோ இருக்கும். வீட்டுப் பழைய பெட்டியில் அந்த இளஞ்சிவப்புப் புத்தகம் கிடக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புகைப்படம் ஒட்டியிருப்பார்கள். பல குடும்பங்களில் பாட்டி நடு வயதில் எப்படி இருந்தார் என்பதற்கு அது ஒன்றுதான் மிச்சம்.